தென்னை எத்தனை இருந்துச்சுங்க?

ஆடி மாதத்தில் கல்யாண மண்டபங்கள் சும்மா கிடக்கும். அதனால் திருப்பூரில் நண்பர்கள் சிலர் நடத்திய மனித நூலகத்துக்கு ஒரு மண்டபத்தின் சாப்பாட்டு ஹால் கரண்டுச் செலவுக்கே கிடைத்துவிட்டது. பனியன் கம்பெனிகளுக்கு ஞாயிறுதான் லீவு, முதல் நாள் ராத்திரிதான் வாரச் சம்பளம் வாங்கியிருப்பார்கள், அதனால் ஞாயிற்றுக்கிழமை வைத்தால் வேலைக்குப் போகிறவர்களும் வர முடியும் என்பது அவர்கள் கணக்கு. நான் கோயமுத்தூரிலிருந்து காலை ரயிலில் கிளம்பினேன். சோமனூர் தாண்டும்வரை ஜன்னலோரம் நல்ல ஆடிக்காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற இந்தக் காற்று முகத்தில் அடித்தால் எனக்கு இன்னமும் எங்கள் தோட்டத்துத் தென்னைகள்தான் ஞாபகம் வரும். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

மனித நூலகம் என்றால் என்னவென்று ரயிலில் பக்கத்தில் இருந்த அக்கா கேட்டார். புத்தகத்துக்குப் பதிலா மனுசங்க உக்காந்திருப்பாங்க, நாம ஒருத்தரை இரவல் எடுத்து அரைமணி நேரம் பேசலாம், என்ன வேணும்னாலும் கேக்கலாம், அவங்க வாழ்ந்ததை அவங்களே சொல்லுவாங்க என்றேன். "இதுக்கு எதுக்குங்க நூலகம், எங்கூர்ல திண்ணையில உக்காந்தா பொழுதுக்கும் இதானுங்களே" என்றார். சரிதான். ஆனால் திண்ணையில் நம்மோடு உட்காருகிறவர்கள் யார், உட்கார முடியாமல் போனவர்கள் யார் என்று யோசித்தால் இது எதற்கு என்று புரியும்.

இதைத் தொடங்கியது டென்மார்க்கில். 2000ஆம் ஆண்டு ராஸ்கில்ட் இசைத் திருவிழாவில், வன்முறைக்கு எதிராக வேலை செய்துவந்த கோபன்ஹேகன் இளைஞர்கள் சிலர், ரோனி அபெர்கெல் என்பவரும் அவர் கூட்டாளிகளும், நான்கு நாள், தினம் எட்டு மணி நேரம் நடத்திப் பார்த்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட தலைப்புகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாசகர்கள். யாரைப் பார்த்தால் ஊர் ஒதுங்குமோ, யாரைப் பற்றி முகம் பார்க்காமலே ஒரு முடிவு கட்டி வைத்திருக்கிறோமோ, அவர்தான் அங்கே புத்தகம். 2006இல் ஆஸ்திரேலியாவின் லிஸ்மோர் ஊர் நூலகத்தில் இது நிரந்தரமாகவே ஆனது. புத்தகத்துக்குப் பிடிக்காத கேள்வி என்றால் பதில் சொல்ல வேண்டியதில்லை, வாசகர் எடுத்த நிலையிலேயே புத்தகத்தைத் திருப்பித் தர வேண்டும், அதாவது புண்படுத்தி அனுப்பக் கூடாது. இவ்வளவுதான் விதி.

திருப்பூர் நண்பர்கள் இதோடு இன்னொரு விதியையும் சேர்த்திருந்தார்கள். நுழைந்ததும் சாப்பாட்டு ஹால் சுவரில் பெரிய எழுத்தில் இருந்தது: "எந்த ஊருங்க? யாரு வீட்டுப் புள்ளைங்க? என்ன ஆளுங்க? இந்த மூன்றையும் கேட்க வேண்டாம்."

கொங்கு நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இதன் கனம் தெரியும். புதிதாக ஒருவரைப் பார்த்தால் முதலில் ஊர் கேட்போம், பிறகு அந்த ஊரில் யார் வீடு, பிறகு என்ன கூட்டம், என்ன கோயில். மூன்றாவது கேள்வியில் எதிரில் இருப்பவரை எங்கே உட்கார வைப்பது, எந்தத் தம்ளரில் தண்ணீர் கொடுப்பது என்று முடிவாகிவிடும். மரியாதையாக 'ங்க' போட்டுத்தான் கேட்போம், அதனால் அது கேள்வியாகவே தெரியாது. நானும் கேட்டிருக்கிறேன், என்னையும் கேட்டிருக்கிறார்கள். அந்தச் சுவருக்கு முன்னால் நின்றபோது, இந்த மூன்றையும் விட்டால் ஒரு மனிதரிடம் முதலில் என்ன கேட்பேன் என்று எனக்கே தெரியவில்லை.

வாசலில் ஒரு பெண் தலைப்புகள் எழுதிய நோட்டோடு உட்கார்ந்திருந்தார். "ஒன்றரை ஷிப்ட்", "ஒடிசாவிலிருந்து வந்து தமிழ் பேசுகிறவன்", "வாடகைக்கு வீடு தேடும் திருநங்கை", "சாதி மாறிக் கட்டிக்கிட்டவங்க", "நாற்பத்தெட்டு வயதில் மறுமணம்" என்று வரிசையாக வந்தது. ஏழாவதோ எட்டாவதோ, "சாயக்காரன்".

எங்கள் வீட்டில் அது கெட்ட வார்த்தை.

எங்கள் தோட்டம் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே, நொய்யலை ஒட்டி இருந்தது. 1992இல் அணை திறந்தபோது நான் சிறுமி. இனி வானம் பார்த்து நிற்க வேண்டியதில்லை என்று அப்பாரு, எங்கள் தாத்தா, ஊருக்கே கச்சாயம் சுட்டுக் கொடுக்கச் சொன்னாராம். சில வருடங்களிலேயே அணையில் நின்றது திருப்பூர்ச் சாயத் தண்ணீர். பாசனத்துக்குக் கட்டின அணையில் தண்ணீரைத் தேக்க வேண்டாம் என்று விவசாயிகளே போராட வேண்டி வந்தது. கிணற்றுத் தண்ணீர் முதலில் சப்பென்று ஆனது, அப்புறம் உப்பு. எருமை தொட்டியில் வாய் வைத்துவிட்டுத் தலையைத் தூக்கிக்கொள்ளும். இளநீர் வெட்டினால் அதிலும் உவர்ப்பு. தென்னைகள் குருத்திலிருந்து மஞ்சளாகி ஒவ்வொன்றாக மொட்டையாக நின்றன. 2004இல் நாங்கள் கோயமுத்தூருக்கு வந்துவிட்டோம், அப்பா ஒரு லேத் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு யாராவது ஏமாற்றினால், பொய் சொன்னால், அப்பா வாயிலிருந்து வருவது ஒன்றுதான்: "சாயக்காரனாட்டம் பண்ணாதே."

நோட்டில் அந்தத் தலைப்பின் மேல் விரலை வைத்தேன்.

அறுபது வயது இருக்கும். வெள்ளை வேட்டி, கட்டம் போட்ட சட்டை. நான் முதலில் பார்த்தது கையைத்தான், அவரும் அதைக் கவனித்துவிட்டார். "இப்ப வெளுத்துப்போச்சுங்க அம்மிணி. அன்னைக்கெல்லாம் என்ற கையைப் பாத்தாலே இந்த வாரம் என்ன ஆர்டர் ஓடுதுனு ஊட்ல சொல்லிருவாங்க. சேப்பு, நீலம், கருப்பு. கல்யாணத்துல பந்தி பரிமாறப் போனா, நீ கெட, வேற ஆளு வரட்டும்னுருவாங்க. சோத்துல சாயம் எறங்கீரும்னு பயம்."

மழை பொய்த்து மூன்று வருடம் காடு விளையாமல் போனதால் 1988இல் திருப்பூருக்கு வந்திருக்கிறார். அவரும் விவசாயி வீட்டுப் பிள்ளை என்பது எனக்கு முதல் அடி. அந்தக் காலத்தில் தொட்டியில் துணியைப் போட்டுக் கட்டையால் புரட்டுவார்கள், பிறகு துணியைச் சுழற்றுகிற வின்ச் வந்தது, பிறகு சாஃப்ட் ஃப்ளோ மெஷின். சாயப் பொடியைப் பிரிக்கும்போது மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டாலும் சளி கலராகத்தான் வருமாம். பிளீச்சிங் வாசம் மட்டும் இன்னும் தூக்கத்தில்கூட வருகிறது என்றார்.

உப்பைப் பற்றி அவர் சொன்னதுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. பருத்தித் துணியில் சாயம் தானாக ஏறாது. தண்ணீரில் கரைந்திருக்கிற சாயத்தை நூலின் பக்கம் தள்ளுவதற்கு உப்பு வேண்டும், பிடித்து நிறுத்த சோடா வேண்டும். உப்பு மூட்டை மூட்டையாகப் போகும், அதில் கொஞ்சம்கூடத் துணியோடு போகாது. "கலரைச் சுண்ணாம்பு போட்டு எடுத்துப்போடலாமுங்க. தண்ணி பாக்கத் தெளிஞ்சுரும். உப்பு எங்கீங்க போகும்? போட்டது பூராத் தண்ணியிலதான் கெடக்கும்." எங்கள் கிணற்றுத் தண்ணீர் கண்ணாடி போல இருந்துகொண்டே எப்படி உப்பானது என்று சின்ன வயதிலிருந்து எனக்கு இருந்த கேள்விக்கு, முப்பது வருடம் கழித்து அந்த உப்பைக் கொட்டியவரிடமே பதில் கிடைத்தது.

தண்ணியை எப்ப உடுவீங்க என்று கேட்டேன். கொஞ்ச நேரம் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். "மழை பேஞ்சா உடுவோமுங்க. ராத்திரில. மேல மழைத்தண்ணி போறப்ப கீழ இதும் போயிரும், யாருக்கும் தெரியாது. கேட் வால்வை நாந்தான் தொறப்பேன்."

கீழே யார் இருக்காங்கன்னு தெரியுமுங்களா என்றேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. விதிப்படி அது அவர் உரிமை. நான் அடுத்த கேள்விக்குப் போகவில்லை, எனக்கு அடுத்த கேள்வி இல்லை.

அவராகவே பேசினார். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. 2006லேயே ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது என்று உத்தரவு இருந்தது, அதை நிறைவேற்றவில்லை என்பதால் எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே அடியில் நின்றன. வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த நாட்களில் ஒருநாள் பஸ் ஏறி ஒரத்துப்பாளையம் போயிருக்கிறார். இருபது வருடத்துக்கும் மேல் வால்வைத் திறந்தவர் அன்றைக்குத்தான் முதல் தடவை அந்த அணையைப் பார்க்கிறார். வெயிலில் நடந்தவருக்கு ஓர் ஆத்தா ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்திருக்கிறார், விலைக்கு வாங்கி ஊற்றி வைத்த தண்ணீர். கொடுத்துவிட்டு, "எந்தூருங்க?" என்று கேட்டிருக்கிறார்.

"திருச்சிப் பக்கமுங்கனு பொய் சொல்லீட்டனுங்க. திருப்பூருன்னு சொல்ல வாய் வல்ல. அந்தத் தண்ணியக் குடிச்சேன், அதுதான் இன்னும் என்னமோ பண்ணுது."

இன்றைக்கு அவர் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்க்கிறார். சவ்வு வைத்துத் தண்ணீரைப் பிரிக்கிறார்கள், மிச்சத்தைக் காய்ச்சி உப்பைத் திரும்ப எடுக்கிறார்கள், தண்ணீரும் உப்பும் மறுபடி பட்டறைக்கே போகின்றன. எவ்வளவு செலவாகிறது, எந்த இடத்தில் சவ்வு அடைத்துக்கொள்ளும் என்றெல்லாம் ஆர்வமாகச் சொன்னார். இதை அப்போதே செய்திருக்கலாமே என்று எனக்குள் ஒரு கத்தல் எழுந்தது. கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ என்று இப்போது எழுதும்போது தோன்றுகிறது.

முடிய ஐந்து நிமிடம் இருக்கிறது என்று மணி அடித்தார்கள். ஊர் கேட்கக் கூடாது என்றுதான் விதி, சொல்லக் கூடாது என்று இல்லை. "நாங்க அணைக்குக் கீழதானுங்க. ஆத்தோரம் தோட்டம் இருந்துச்சு" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன், அப்படிக் கேட்டால் என்ன சொல்வது என்று பயமாகவும் இருந்தது. அவர் கேட்டது வேறு.

"தென்னை எத்தனை இருந்துச்சுங்க?"

"நாப்பத்தி ரெண்டுங்க."

"என்ன வயசு?"

"காய்ச்சிட்டிருந்த மரங்க. அப்பாரு வெச்சது."

நாப்பத்தி ரெண்டு என்று தனக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டார். ஒரு விவசாயி வீட்டுப் பிள்ளைக்குத்தான் அதைக் கேட்கத் தெரியும். இவ்வளவு வருடத்தில் எங்களுக்கு எத்தனை தென்னை இருந்தது என்று வேறு யாரும் என்னைக் கேட்டதில்லை.

அவரை மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு வரவில்லை. இத்தனை நாள் என் கோபத்துக்கு முகம் இல்லாமல் இருந்தது, அதனால் அது சுலபமாகவும் இருந்தது. இப்போது அதற்கு வெளுத்துப்போன இரண்டு கைகள் இருக்கின்றன.

மதியம் அரிசியும் பருப்பும் சாதம், கொஞ்சம் நெய், அப்பளம். சாப்பிட்டபின் "ஒன்றரை ஷிப்ட்" அக்காவை இரவல் எடுத்தேன். தேனிப் பக்கமிருந்து வந்து பதினாறு வருடமாகச் செக்கிங்கில் நிற்கிறார், காலையில் நின்றால் ராத்திரி எட்டரை வரை. சட்டையில் ஒரு நூல் பிசிறைக் கண்டுபிடிக்கும் கண் இப்போது பஸ் போர்டைப் படிக்கத் தடுமாறுகிறது என்றார். அவருக்கு ஒரு முழுக் கட்டுரை தர வேண்டும், காலையில் கேட்டதே மனசு முழுக்க நிறைந்திருந்ததால் அன்று நான் நல்ல வாசகியாக இல்லை.

சாயங்காலம் தோழியின் ஸ்கூட்டியில் ஊத்துக்குளி வழியாக ஒரத்துப்பாளையம் போனோம். பக்கத்தில்தான் கொடுமணல். பதிற்றுப்பத்து கொடுமணம் என்று பாடுகிற ஊர். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே இதே ஆற்றங்கரையில் கல்மணி அறுத்துத் துளை போட்டு, இரும்பு உருக்கிப் பட்டறை நடத்தியிருக்கிறார்கள், அகழாய்வில் எல்லாம் கிடைத்திருக்கிறது. நொய்யலுக்குப் பட்டறை புதிதில்லை என்று தோழி சொன்னாள். ஆமாம் என்றேன், மேலே பேச முடியாமல் காற்று வாயை அடைத்தது.

அணையில் தண்ணீர் கொஞ்சம்தான். உள்ளே எங்கு பார்த்தாலும் சீமைக் கருவேலம். மதகுப் பக்கம் நின்று அப்பாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். வால்வு, உப்பு, ஆத்தா கொடுத்த சொம்புத் தண்ணீர், எதையும் விடவில்லை. அந்தப் பக்கம் நீண்ட நேரம் சத்தமே இல்லை, காற்றில் லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"உப்பைத் திரும்ப எடுக்கறாங்களாமா இப்ப?"

"ஆமாங்ப்பா."

"நம்ம தென்னையப் பத்திச் சொன்னயா?"

"சொன்னேன். எத்தனை மரம்னு கேட்டாருங்ப்பா. நாப்பத்தி ரெண்டுன்னேன்."

"நாப்பத்தேழு அம்மிணி" என்றார் அப்பா. "வாய்க்கா வரப்புல அஞ்சு இருந்துச்சு, நீ பொறக்கறப்ப வெச்சது. அது உனக்கு நெனப்பிருக்காது. அடுத்த தடவை பாத்தீன்னா அந்தாளுகிட்டச் சரியாச் சொல்லு."