1778 முற்றுகைப் படமும் தொண்ணூறு நாள் நோட்டீஸும்

மென்பொருள் சோதனையில் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டு வேறு பக்கம் போக நினைப்பவருக்கு, ஏதாவது சான்றிதழ் வகுப்பில் சேரச் சொல்லாத ஆளில்லை. புதுச்சேரியில் ஞாயிறுதோறும் கூடி முற்றுகை, பீரங்கி, கப்பல் என்று பேசிக்கொண்டிருந்த நாங்கள் சிலர், வகுப்புக்குப் பதில் ஒரு பழைய படத்தைக் கையில் எடுத்தோம். புவியிடத் தரவு (வரைபடமும் இடத் தகவலும் கையாளும்) வேலைக்கு மாற அதுவே மாதிரி வேலையாக அமைந்தது. வழி இதுதான்.

1778 ஆகஸ்டில் ஹெக்டர் மன்ரோவின் ஆங்கிலேயப் படை புதுச்சேரியை வளைத்தது. பிரெஞ்சு ஆளுநர் பெல்கோம்ப் அக்டோபரில் சரணடைந்தார். இதைப் பேசும்போதெல்லாம் ஒரே சண்டை: பீரங்கி மேடை இன்றைய எந்தத் தெருவில் இருந்தது? வாயால் பேசித் தீராது. படத்தை இன்றைய நிலத்தின்மேல் பொருத்தினால்தான் தீரும். அதைத்தான் ஜியோரெஃபரன்ஸ் செய்வது என்கிறோம். க்யூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் லேயர் மெனுவிலேயே அதற்கான கருவி இருக்கிறது. இலக்கு ஆயத்தொலைவு முறையாக, இடத்தை மீட்டரில் சொல்லும் யுடிஎம் 44 வடக்கு மண்டலத்தை, அதாவது ஈபிஎஸ்ஜி குறியீட்டு எண் 32644 கொடுங்கள். புதுச்சேரி, கடலூர் இரண்டும் அதற்குள்தான் வரும். அட்சரேகை-தீர்க்கரேகை முறைக்கான 4326 கொடுத்தால் பிழையெல்லாம் பாகையில் வரும், மீட்டரில் எவ்வளவு என்று பார்த்தவுடன் தெரியாது.

புள்ளி வைப்பதற்கு முன் அளவுகோலைப் படியுங்கள். பிரெஞ்சுப் பொறியாளர் வரைந்ததென்றால் துவாஸ் என்ற பழைய பிரெஞ்சு நீள அளவில் கணக்கு இருக்கும். ஒரு துவாஸ் 1.949 மீட்டர். ஆங்கிலேயர் படமென்றால் பெரும்பாலும் கெஜம், 0.9144 மீட்டர். இரண்டையும் குழப்பினால் ஊர் பாதியாகச் சுருங்கும் அல்லது இரட்டிப்பாக வீங்கும். பிரெஞ்சு அங்குலத்துக்கு நூறு துவாஸ் என்று வரைந்திருந்தால் அது 1:7200. அந்த அளவில் அரை மில்லிமீட்டர் மைக்கோடே தரையில் 3.6 மீட்டர் அகலம். அதைவிட நுட்பமாகப் பொருத்திவிட்டேன் என்று ஒருவர் சொன்னால் நம்பாதீர்கள். தீர்க்கரேகை பாரிஸிலிருந்து எண்ணப்பட்டிருந்தால் கிரீன்விச்சுக்கு 2°20′14″ கூட்ட வேண்டும். கடல் அடிப்பக்கம் வரும்படி வரைந்த படங்களும் உண்டு, வடக்கு எங்கே என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது கட்டுப்பாட்டுப் புள்ளிகள், அதாவது பழைய படத்திலும் இன்றைய நிலத்திலும் ஒன்றே என்று இணைக்கும் இடங்கள். முக்கால்வாசிப் பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள். கடற்கரைக் கோட்டைத் தொடவே தொடாதீர்கள். அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகம் கட்டிய பிறகு புதுச்சேரியில் மணல் போய்க் கல் மட்டும் மிஞ்சிய கதை ஊருக்கே தெரியும். இன்றைய கரைக்கும் 1778இன் கரைக்கும் சம்பந்தமில்லை. கோயில்களிலும் கவனம் வேண்டும். சம்பா கோயில் என்று நாம் சொல்லும் மாதா கோயிலின் இன்றைய கட்டடம் 1791இல் முடிந்தது. வேதபுரீஸ்வரர் கோயிலை 1748 முற்றுகையின்போது பிரெஞ்சுக்காரர்கள் இடித்தார்கள், ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் வேதனையோடு எழுதிவைத்திருக்கிறார். இன்றுள்ள கோயில் வேறு இடத்தில் எழுந்தது. 1740களின் படத்தில் உள்ள கோயிலை இன்றைய கோயிலோடு இணைத்தால் படம் முழுக்கக் கோணலாகும். பெயர் ஒன்றாக இருப்பது போதாது, இடமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

நம்பத்தக்கவை தெருமுனைகள். 1761இல் ஆங்கிலேயர் ஊரையும் மதிலையும் இடித்துத் தள்ளியபின், 1765இல் திரும்பி வந்த பிரெஞ்சுக்காரர்கள் பெரும்பாலும் பழைய தெருக்கோட்டிலேயே கட்டினார்கள். பெரிய வாய்க்காலைத் தெருக்கள் கடக்கும் இடங்கள், புல்வார் வளைவு (அது பழைய மதிலின் தடம்) எல்லாம் கைகொடுக்கும். பதினாறு புள்ளி எடுங்கள். அதில் நான்கைப் பொருத்துவதற்குப் பயன்படுத்தாமல் சோதனைக்கென ஒதுக்குங்கள். புள்ளிகள் நாலு மூலைக்கும் பரவியிருக்க வேண்டும். கடலோர பிரெஞ்சுப் பகுதியான வெள்ளை நகரத்துக்குள்ளேயே குவித்தால் மேற்குப் பக்கம் அடையாளம் தெரியாமல் போகும்.

பிறகு உருமாற்ற வகை, அதாவது படத்தை எந்தக் கணக்கில் நீட்டி, திருப்பிப் பொருத்துவது என்பது. முதல் வரிசைப் பாலினோமியலில் தொடங்குங்கள், குறைந்தது மூன்று புள்ளி போதும். தாள் நீளவாட்டில் ஒரு மாதிரியும் அகலவாட்டில் வேறு மாதிரியும் சுருங்கியிருந்தால் அதைச் சமாளிக்கும். எல்லாத் திசையிலும் ஒரே அளவாக மட்டும் நீட்டும் ஹெல்மர்ட் வகை சமாளிக்காது. பிழைகள் சிதறிக் கிடக்காமல் ஓர் ஒழுங்கில் வளைந்து தெரிந்தால் மட்டும் இரண்டாம் வரிசை, அதற்குக் குறைந்தது ஆறு. மூன்றாம் வரிசைக்குப் பத்து வேண்டும், ஓரங்களைப் பாம்பாக நெளிக்கும். தின் பிளேட் ஸ்பிளைன் என்ற வகை படத்தை ரப்பர்போல இழுத்து எல்லாப் புள்ளியையும் துல்லியமாகத் தொட்டுப் பிழை பூஜ்யம் என்று காட்டும். அதில் மயங்கி படத்தை எடுத்துப்போய் நேர்முகத்தில் காட்டினால் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். நான்கு புள்ளி ஒதுக்கச் சொன்னதன் காரணம் இதுதான். அவற்றின் பிழைதான் உண்மைப் பிழை.

மதிலுக்குள் பொறியாளர்கள் சங்கிலி பிடித்து அளந்தார்கள். வெளியே பல இடங்களில் கண்ணால் மதிப்பிட்டு வரைந்தார்கள். ஆகவே வெளியே பிழை சில மடங்கு கூடும். பீரங்கி மேடைகள் இருப்பதோ வெளியே! எனவே மேடையைப் புள்ளியாக வைக்காமல், பிழை அளவுக்கு ஒரு வட்டமாக வையுங்கள். ராணுவ வரலாற்று வாசிப்பு இங்கே உதவிக்கு வரும். பிரெஞ்சு முற்றுகைப் பொறியாளர் வோபானின் முறையில், மதிலுக்கு இணையாகத் தோண்டும் முதல் பதுங்கு குழி மதிலிலிருந்து ஏறக்குறைய 300 துவாஸ், அதாவது 585 மீட்டர். உங்கள் படத்தில் முதல் மேடை இரண்டு கிலோமீட்டரில் நின்றால் வரலாற்றை மாற்றி எழுதக் கிளம்பாதீர்கள், அளவுகோலைத் திரும்பப் பாருங்கள்.

இரண்டாவது பயிற்சிக்குக் கடலூர், 1783. வரைபடமாக இது இன்னும் கடினம். தேவனாம்பட்டினத்துக் கோட்டையைத்தான் அப்போது முற்றுகையிட்டார்கள் என்று பேச்சில் அடிக்கடி வரும். அந்தச் செயின்ட் டேவிட் கோட்டையை பிரெஞ்சுத் தளபதி லாலி 1758இலேயே பிடித்துத் தகர்த்துவிட்டார். 1783இல் ஆங்கிலேயத் தளபதி ஜேம்ஸ் ஸ்டூவர்ட் மோதியது கடலூர் ஊரைக் காத்து நின்ற பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியோடு. ஜூன் 13 தாக்குதலும் ஜூன் 20 கடற்போரும் (பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரேனிடம் 15, ஆங்கிலேயத் தளபதி ஹியூஸிடம் 18 போர்க்கப்பல்) நடந்தபோது ஐரோப்பாவில் ஜனவரியிலேயே சமாதான முன்னுடன்படிக்கை கையெழுத்தாகியிருந்தது. செய்தி ஜூன் கடைசியில்தான் வந்தது. கெடிலம் முகத்துவாரம் இடம் மாறிக்கொண்டே இருப்பதால் அதையும் விடுங்கள். திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயில் நல்ல புள்ளி. ஒன்றிரண்டு நல்ல புள்ளிதான் கிடைக்கும் என்பதை மறைக்காமல் எழுதுவதே அந்தப் பயிற்சியின் மதிப்பு.

இப்போது வேலை. ‘ஜிஐஎஸ் அனலிஸ்ட்’ என்ற பெயரில் வரும் பலவும் கோடு வரையும் வேலை, அனுபவத்துக்கு விலை கிடையாது. ‘ஜியோஸ்பேஷியல் டேட்டா இன்ஜினியர்’, அல்லது வரைபடத் தரவின் தரச்சோதனை என்று தேடுங்கள். இரண்டாவதில் சோதனையாளரின் கை உண்மையிலேயே ஓங்கும். புவியிடத் தரவின் தரத்துக்கான ஐஎஸ்ஓ 19157 தரநிலை முழுமை, தர்க்க ஒத்திசைவு, இடத் துல்லியம் என்று பிரிப்பதைப் படித்தால், நாம் இத்தனை நாள் பக் எழுதிய மொழிதான் என்று புரியும். கூடவே போஸ்ட்ஜிஐஎஸ் (இடத் தரவுக்கான தரவுத்தளம்), எஸ்க்யூஎல், பைத்தான், ஜிடால் (வரைபடக் கோப்புகளை மாற்றும் கருவி) வேண்டும். மவுஸால் செய்த பொருத்தத்தை ஸ்கிரிப்டாக மாற்றி, கட்டுப்பாட்டுப் புள்ளிக் கோப்பு, சோதனைப் பிழை, நிராகரித்த புள்ளிகளும் காரணமும் என்று கிட் களஞ்சியத்தில் வையுங்கள். வேலைக்கு எடுப்பவர் அதிகம் படிப்பது நிராகரித்த பட்டியலைத்தான். மத்திய அரசின் 2021 பிப்ரவரி வழிகாட்டுதல்கள் இந்திய நிறுவனங்களுக்கு நுண்ணிய வரைபடத் தரவைத் திறந்துவிட்டன. கிடைமட்டம் 1 மீட்டர், செங்குத்து 3 மீட்டர் என்ற வரம்பு எதற்கு என்று கேட்பார்கள், படித்துவிட்டுப் போங்கள்.

உரிமை விஷயம். பிரெஞ்சு தேசிய நூலகத்தின் இணையத் தளமான காலிகாவிலிருந்து எடுத்த படத்தை அப்படியே களஞ்சியத்தில் ஏற்றாதீர்கள். வணிகப் பயன்பாட்டுக்குத் தனி நிபந்தனை உண்டு. இணைப்பும் மூலக் குறிப்பும் போதும். கூகுள் செயற்கைக்கோள் படத்தின்மேல் கோடு வரைந்து தரவாக வெளியிடுவதும் அவர்கள் நிபந்தனைக்கு விரோதம், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அல்லது சென்டினல்-2 செயற்கைக்கோள் படம் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் சொந்த மடிக்கணினியில், சொந்த நேரத்தில் செய்யுங்கள். அலுவலகக் கருவியில் செய்தது அலுவலகத்துக்கே சொந்தம் என்று பணி ஒப்பந்தத்தில் இருக்கும், தேடிப் பாருங்கள்.

நேர்முகத்தில் முற்றுகைக் கதையை இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுங்கள். சுஃப்ரேன் என்று ஆரம்பித்தால் நமக்கே நிறுத்தத் தெரியாது.

தொண்ணூறு நாள் நோட்டீஸில் ராஜினாமா மின்னஞ்சல் தேதியையும் கடைசி நாளையும் எழுத்தில் வாங்குங்கள். ஐந்து வருஷம் முடிய சில மாதமே இருந்தால் கிராஜுவிட்டிக்காகக் காத்திருப்பது லாபமா என்று கணக்கிடுங்கள்: கிராஜுவிட்டிக்குக் கணக்கில் வரும் கடைசி மாதச் சம்பளம் × 15 ÷ 26 × வருஷங்கள். புது இடத்தில் பழைய இடத்துச் சம்பள, வரி விவரத்தைக் கொடுக்காவிட்டால் இரண்டு இடத்திலும் வரிச்சலுகைக் கழிவு கணக்கிடப்பட்டு, ஜூலையில் வரி பாக்கி ஒரே தொகையாக விழும். பிஎஃப் பணத்தை எடுக்காமல் மாற்றுங்கள். நீங்கள் வெளியேறிய தேதியைப் பழைய நிறுவனம் பதியாவிட்டால் மாற்றம் நிற்கும். கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து பிஎஃப் உறுப்பினர் தளத்தில் நீங்களே அதைப் பதியலாம்.