200 போதாது, 280 வேணும்
டர்பன், சாட்ஸ்வொர்த் பக்கம் இயற்பியல் படிக்கிற பிள்ளைகளுக்கு வர்ற கேள்வி: கேப் டவுன் பக்கத்து ஐதெம்பா ஆய்வுக்கூடத்து சைக்ளோட்ரானில் (துகள்களைச் சுழற்றி வேகமாக்கும் கருவி) புரோட்டானோடு புரோட்டானை மோதவிட்டு பையான் (மோதலில் புதுசாகப் பிறக்கும் ஒரு சிறு துகள்) எடுக்கலாமா? முடியாது. அங்கே புரோட்டானுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 200 மெகா எலக்ட்ரான் வோல்ட். மின்னூட்டமில்லாத நடுநிலைப் பையானின் நிறை, அதே ஆற்றல் அலகில், 135தான். ஆனாலும் அசையாத ஹைட்ரஜன் இலக்கில் அடிக்கும்போது 280 வேணும். உந்தம் அழியாதே! மோதிய பிறகும் எல்லாம் முன்னால் ஓடியாகணும், மிச்ச ஆற்றல் அதுக்கே போயிடும். பையானைவிடக் கனமான ஈட்டா மீசான் என்ற துகளுக்கு 1255 வரை ஏறணும். (கனமான கருவில் அடித்தால், உள்ளே இருக்கும் புரோட்டான், நியூட்ரான்கள் ஏற்கெனவே ஓடிக்கிட்டிருப்பதால் இந்தக் குறைந்தபட்ச ஆற்றல் வரம்பு இறங்கும். அது வேற கணக்கு.)

பிறந்த பையான் கண்ணில் படாது, உடனே இரண்டு காமாவாகிடும் (உயர் ஆற்றல் ஒளித்துகள்). இரண்டின் ஆற்றலையும் பெருக்கி, இரட்டித்து, ஒன்றிலிருந்து இடைக்கோணத்தின் கொசைனைக் கழித்ததால் பெருக்கி, வர்க்கமூலம் எடுங்க. கிடைப்பது பையானின் நிறை; பல மோதல்களுக்கும் கணக்கிட்டு வரைந்தால் 135 பக்கம் மேடு தெரியணும். தள்ளி நின்றால் முதலில் காமாவின் ஆற்றலை அளக்கும் கலோரிமானியின் அளவுத்திருத்தத்தைச் சந்தேகப்படுங்க. மேட்டின் அடியில் கிடக்கும், ஒரே பையானிலிருந்து வராத பொய் ஜோடிகளைக் கழிக்க, வெவ்வேறு மோதல்களின் காமாக்களைக் கலந்து ஜோடி போடணும்.

சுலபமாக விட்டுப்போவது காலி இலக்கு ஓட்டம். திரவ ஹைட்ரஜன் கலத்தின் மெல்லிய சன்னலிலும் பையான் பிறக்கும். கலத்தைக் காலியாக்கி ஓட்டிக் கழிக்காவிட்டால் குறுக்குவெட்டு (பையான் பிறக்கும் வாய்ப்பின் அளவு) வீங்கிடும், அதுவும் வரம்பை ஒட்டின ஆற்றலில் ரொம்பவே.