பதினோராவது நிமிடம்

ஜூன் 4

இன்றும் பதினோராவது நிமிடத்தில் தோட்ட டிராக்டர் நின்றுவிட்டது. சட்டென்று அணையவில்லை; மூச்சிரைப்பதுபோல் இரண்டு முறை தள்ளாடி, சோக்கை (காற்றைக் குறைத்துப் பெட்ரோலின் பங்கைக் கூட்டும் தடுப்பு) இழுத்ததும் சற்றே தெளிந்து, பிறகு அடங்கியது. கால் மணி நேரம் கழித்து ஒன்றுமே நடவாததுபோல் கிளம்பியது. சோக்கை இழுத்தால் உயிர் நீள்கிறது என்றால் குறை பெரும்பாலும் தீப்பொறியில் இல்லை, பெட்ரோல் போதவில்லை என்றுதான் பொருள்.

ஜூன் 5

டேங்க் மூடியில் காற்று நுழைய ஒரு நுண்துளை உண்டு. அது அடைபட்டால் பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உருவாகி, எரிபொருளை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். அறிகுறிகள் இப்படியேதான் இருக்கும். மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டிப் பார்த்தேன். பதினொன்று. ஃபில்டரை மாற்றினேன், அம்புக்குறி, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் பக்கம் இருக்கும்படி. பன்னிரண்டு. அந்த ஒரு நிமிடத்துக்காக மாலை முழுவதும் மகிழ்ந்திருந்ததை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 6

விளிம்புவரை பெட்ரோல் ஊற்றியதும் முக்கால் மணி நேரம் தடையின்றி ஓடியது. பாதி டேங்கில் இரண்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை. டேங்க் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. கார்புரேட்டர் அதன் பாதி உயரத்துக்கு மேலே. நிறைந்திருக்கும்போது பெட்ரோல் தானாகவே இறங்கி வருகிறது, மட்டம் தாழ்ந்த பிறகு பம்புதான் தூக்கித் தர வேண்டும், அது தூக்கவில்லை. முக்கால் டேங்கில் மெல்லக் கசிந்து வந்த பெட்ரோல் கார்புரேட்டர் கிண்ணத்தை நிரப்பியதால்தான் அன்று கால் மணி ஓய்வுக்குப் பின் மீண்டும் கிளம்பியிருக்கிறது. இதை முதல் நாளே யோசித்திருக்கலாம்.

ஜூன் 7

அப்பா இன்று ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னார்.

ஜூன் 8

பம்பைச் சோதித்தேன். ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி எஞ்சின் உடலோடு சேர்த்துக் கட்டிவிட்டு (திறந்த பெட்ரோலுக்குப் பக்கத்தில் ஒரு பொறி போதும்), கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸை ஒரு புட்டியில் விட்டு ஸ்டார்ட்டரைச் சுழற்றினேன். துடிப்புக்கு ஒரு பீச்சல் வர வேண்டிய இடத்தில் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

இந்தப் பம்புக்கு மோட்டாரும் இல்லை, மின்சாரமும் இல்லை. பிஸ்டன் இறங்கும்போது அதற்குக் கீழே எண்ணெய் நிற்கும் அறையான கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறுகிறது, ஏறும்போது குறைகிறது. அந்தத் துடிப்பு ஒரு ரப்பர் குழாய் வழியாக வந்து மெல்லிய சவ்வை முன்னும் பின்னும் அசைக்க, இரண்டு ஒருவழி வால்வுகள் பெட்ரோலை ஒரே திசையில் நகர்த்துகின்றன. நிமிடத்துக்கு 3,600 சுற்று என்றால் வினாடிக்கு 60 துடிப்பு. எஞ்சினின் மூச்சிலேயே அதற்கு ஊட்டவும் செய்கிறார்களே என்று வியந்து, வந்த வேலையைச் சிறிது நேரம் மறந்து உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 9

எண்ணெய் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்திருக்கக் கூடாது, அல்லது ஒரு மாதம் முன்பே பார்த்திருக்க வேண்டும். எண்ணெய் மேல்கோட்டையும் தாண்டி நிற்கிறது. நான் எண்ணெய் ஊற்றவே இல்லை. முகர்ந்தால் பெட்ரோல். சவ்வு கிழிந்தால் பெட்ரோல் துடிப்புக் குழாய் வழியாகக் கிராங்க்கேஸுக்குள்ளேயே இறங்கிவிடும், எண்ணெய் தண்ணீராக நீர்த்துப்போகும். இவ்வகைச் சிறிய எஞ்சின்கள் பலவற்றில் பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடுக்குத் தனி பேரிங் கிடையாது. அலுமினியம் நேராகக் கிராங்க் மீது எண்ணெய்ப் படலத்தை நம்பித்தான் சுழல்கிறது. அந்தப் படலம் இல்லாமல் எத்தனை மணி நேரம் ஓட்டியிருக்கிறேன்? ஆறாம் தேதி பெருமையோடு ஓட்டிய முக்கால் மணி நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஜூன் 10

சொல்லி வைத்த புதிய பம்பு வரவில்லை. ஓடுகிறதா என்று அப்பா கேட்டார். பாகம் வர வேண்டும் என்றேன். எண்ணெயைப் பற்றிச் சொல்லவில்லை.

ஜூன் 11

எண்ணெயை வடித்துக் கேனில் அடைத்தேன். இரவில் எழுந்து போய் மீண்டும் முகர்ந்தேன். விரலில் தேய்த்து உலோகத்துகள் மின்னுகிறதா என்று டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். மின்னவில்லை. மின்னுவதுபோலவும் இருந்தது.

ஜூன் 13

வரவில்லை. புல் முழங்காலைத் தொட்டுவிட்டது.

ஜூன் 14

வந்தது. மூன்று குழாய் முனைகளும் பழையதில் இருந்ததுபோல் இல்லை. ஊதிப் பார்த்தேன்: காற்று ஒரு முனையில் நுழைந்து மற்றொன்றில் வெளியேறுகிறது, திருப்பி ஊதினால் மறுக்கிறது, எதனோடும் சேராத மூன்றாவதுதான் துடிப்பு முனை. மூன்றுக்கும் வண்ண நூல் கட்டினேன். பழைய பம்பைப் பிரித்தபோது சவ்வு அட்டைபோல் விறைத்து, ஓரத்தில் நகக்கண் அளவுக்குக் கிழிந்திருந்தது. கிழிசலைக் கண்டு இவ்வளவு நிம்மதி அடைந்தது இதுவே முதல் முறை.

ஜூன் 15

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, திறந்த வெளியில் வைத்து, ஹோஸை மென்மையாக நெரித்துப் பிடித்துக்கொண்டு மாற்றினேன். புதிய எண்ணெய், புதிய கிளாம்புகள். மூன்றாவது சுழற்சியில் கிளம்பியது. ஆனால் ஆக்சிலரேட்டரை முழுதாக ஏற்றியதும் அதே திணறல். ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜூன் 16

துடிப்புக் குழாய்! கிராங்க்கேஸ் முனையில், கிளாம்ப் மறைத்திருந்த இடத்தில் தலைமுடி பருமனுக்கு ஒரு வெடிப்பு. துடிப்பில் பாதி அங்கேயே வெளியேறிக்கொண்டிருந்தது. எரிபொருள் ஹோஸையே வெட்டிப் போடலாமா என்று ஒரு கணம் சபலம். மெல்லிய குழாய் ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் ஒட்டிப்போய்த் துடிப்பை விழுங்கிவிடும் என்பதால் தடித்த சுவருள்ள குழாயையே தேடி எடுத்துப் பொருத்தினேன். உள்ளே சேரும் எண்ணெய் கிராங்க்கேஸுக்கே திரும்ப வேண்டும் என்பதால் எங்கும் தொய்யாமல் சரிவாகவே கொண்டுபோனேன். பாதி டேங்கில் ஐம்பது நிமிடம் ஓடியது. உள்ளே போனபோது அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கேட்டது என்று மட்டும் சொன்னார்.

ஜூன் 17

எண்ணெயில் பெட்ரோல் சேர இன்னொரு வழியும் இருக்கிறது. கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோல் வரவை நிறுத்த வேண்டிய கார்புரேட்டரின் மிதவை ஊசி சரியாக அடைக்காவிட்டால், டேங்க் நிறைந்திருக்கும்போது கிண்ணம் வழிந்து சிலிண்டருக்குள்ளும், பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழேயும் இறங்கும். கிழிந்த சவ்வு என் கண்ணெதிரே இருந்ததால் ஊசியை நினைக்கவே இல்லை. ராடைப் பற்றிய கவலையும் திரும்ப வந்துவிட்டது. ஐம்பது நிமிடத்தில் ஒரு தட்டல் சத்தமும் கேட்கவில்லை என்று எனக்கே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறேன். டேங்கை விளிம்புவரை நிரப்பி, சமதரையில் நிறுத்தி, டிப்ஸ்டிக்கில் எண்ணெய் நிற்கும் இடத்தைத் தையல் ஊசியால் கீறி வைத்திருக்கிறேன்.

ஜூன் 18

இன்னும் விடியவில்லை. அப்பா விழித்திருக்கிறார். டார்ச்சில் புதிய எண்ணெயின் மட்டம் சரியாகத் தெரியாது, கண்ணாடிபோல் இருக்கிறது, வெளிச்சம் வரட்டும்.