புகையில் போன கணக்கு

எச்1பி விசாவில் அமெரிக்காவுக்கு வந்தவர்களின் துணைவர்களில் ஒரு பகுதியினர் வேலை பார்க்கலாம் என்ற விதி 2015ஆம் ஆண்டு மே மாதம் நடைமுறைக்கு வந்தது. பி.காம். படித்துவிட்டு அலபாமா மாநிலத்துப் பர்மிங்காமில் வீட்டோடு கிடந்த எனக்கு, அனுமதி அட்டை கிடைத்தபின் அமைந்த முதல் வேலை, ஒரு கிரேக்கக் குடும்பம் மூன்று தலைமுறையாக நடத்திவரும் பார்பிக்யூ உணவகத்தில் கணக்கு எழுதுவது. முட்டைகூடச் சேர்க்காத வீட்டில் பிறந்தவள் நான். என் மேசைக்கு வந்த முதல் தாளோ பன்றி முன்சப்பை வாங்கிய ரசீது. ஊரில் அம்மாவிடம் ‘ஓட்டல் கணக்கு’ என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

கிரேக்கர்கள் எதற்காக அமெரிக்கத் தெற்கின் புகைக்கறியை விற்கிறார்கள் என்ற கேள்வி எனக்கும் இருந்தது. 1871இல் இரும்புக்காகவே எழுந்த நகரம் பர்மிங்காம். ஆலையையும் சுரங்கத்தையும் ரயில் பாதையையும் நம்பி வந்த கிரேக்கர்களில் பலர், விரைவிலேயே பழவண்டிக்கும் சிற்றுண்டிக் கடைக்கும் மாறினர். பக்கத்து ஊரான பெஸ்ஸமரில் 1907இல் தொடங்கிய பிரைட் ஸ்டார் உணவகம் இன்றும் கிரேக்கர்கள் கையில் இருக்கிறது. அந்நியர் என்று வெறுக்கப்பட்ட காலத்தில், ஊர் எதைச் சாப்பிடுகிறதோ அதையே ஊரைவிட நன்றாகச் சமைத்துக் கொடுப்பது அவர்களுக்குப் பாதுகாப்பாகவும் இருந்திருக்க வேண்டும். இது என் ஊகம். ஆனாலும் சொந்த ருசியை அவர்கள் முழுவதுமாக விட்டுவிடவில்லை. டென்னசி மாநிலத்து மெம்பிஸ் நகரில் கிரேக்க வம்சாவளியினரான சார்லி வெர்கோஸ் 1948இல் திறந்த ராண்டெவூ, நிலவறையின் பழைய நிலக்கரிச் சரிவுவழியையே புகைபோக்கியாக்கிக்கொண்ட கடை. அங்கே விலாக்கறியில் தூவும் பொடியில் மிளகாயோடும் பப்ரிகாவோடும் கிரேக்கர்களின் ஓரிகனோவும் பூண்டும் கலந்திருக்கும். எங்கள் கடைப் பொடியும் அதே இனந்தான். அதன் அளவு முதலாளியின் குடும்பத்தாருக்கு மட்டுமே தெரியும்.

இரண்டாம் மாதம் எனக்கு ஒரு கணக்கு உதைத்தது. வாங்கிய கறியின் எடையையும் விற்ற கறியின் எடையையும் ஒப்பிட்டால், நூறு பவுண்டுக்கு அறுபது பவுண்டுதான் வெளியே போயிருந்தது. எலும்பு, கழிவு என்று எவ்வளவு தள்ளினாலும் மீதிக்கு வழியில்லை என்றே நினைத்தேன். இரவு முழுவதும் அடுப்பருகே தனியாக இருப்பவர் ஒருவர்தான்; முப்பது ஆண்டுகளாக அங்கே வேலை செய்யும் கறுப்பினப் பெரியவர். பெயர் சொல்லவில்லையே தவிர, நான் யாரை நினைக்கிறேன் என்பது முதலாளிக்குப் புரிந்திருக்கும். அவர் கோபப்படவில்லை. “இன்று மாலை அடுப்புப் பக்கம் வா, நாளைக் காலையும் வா” என்றார்.

மாலையில் பெரியவர் ஒரு முன்சப்பையைத் தராசில் வைத்தார்: எட்டு பவுண்டு. அதை அவர் செங்கல் அடுப்பின் கம்பிமேல் கிடத்தினார். பக்கத்துக் குழியில் ஹிக்கரி விறகு எரிந்து தணலாகும். அந்தத் தணலை மண்வாரியில் அள்ளி, கறிக்கு நேர் கீழே விழாமல், கொழுப்பு சொட்டும் இடத்தை விட்டு ஓரமாகப் பரப்புவார். சொட்டிய கொழுப்பு தணலில் பட்டால் தீ மேலெழும்பிக் கறி கருகும். வெப்பமானி அங்கேயே தொங்கியது, ஆனால் அவர் அடுப்பின் இரும்புக் கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தே தணலைக் கூட்டினார், குறைத்தார். ஏறக்குறைய 110 டிகிரி செல்சியசில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வேக வேண்டும். அதற்குள் நீர் ஆவியாகும், கொழுப்பு உருகி வடியும். காலை ஏழு மணிக்கு அதே துண்டை அதே தராசில் வைத்தபோது முள் ஐந்தைத் தொடவில்லை. “நீங்கள் தேடுகிற கறி அதோ போகிறது, மேம்” என்று அவர் புகைபோக்கியைக் காட்டினார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கறி ரசீதுக்கு அந்த ஊரில் வேறொரு வரலாறும் உண்டு என்பதைப் பிறகுதான் அறிந்தேன். கிரேக்கர்களுக்குச் சம்பந்தமில்லாத ஓலீஸ் பார்பிக்யூ, 1927இல் திறந்த நாள் முதல் கறுப்பினத்தவரை உள்ளே உட்கார்ந்து சாப்பிட விட்டதில்லை. பணியாளர் 36 பேரில் மூன்றில் இரண்டு பங்கினரோ கறுப்பினத்தவர். உணவகங்களில் நிறம் பார்த்து ஒதுக்குவதைத் தடைசெய்த 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் தம்மைக் கட்டுப்படுத்தாது என்று உரிமையாளர் வழக்காடினார். ஓராண்டில் அவர் வாங்கிய ஏறத்தாழ 1,50,000 டாலர் உணவுப்பொருளில் 69,683 டாலருக்கான இறைச்சி வெளிமாநிலத்திலிருந்து வந்தது. ஆகவே இது மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தைப் பாதிக்கும் விஷயம், சட்டம் செல்லும் என்று 1964 டிசம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நான் அன்றாடம் கோப்பில் குத்திவைக்கும் அதே வகைக் கொள்முதல் கணக்கு! அதைப் படித்த நாளில், ரசீதைப் பார்த்துப் பெரியவரைச் சந்தேகித்தது இன்னும் உறுத்தியது.

முதலாளியின் தாயாரை எல்லோரும் ‘யாயா’ என்பார்கள். கிரேக்க மொழியில் பாட்டி. நம் பழந்தமிழில் தாயைக் குறிக்கும் ‘யாய்’ காதில் ஒலித்ததால் எனக்கு அந்த விளிப்பு உடனே ஒட்டிக்கொண்டது. ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களில், கடை முழுவதும் பன்றிக்கறி மணக்க, கல்லாவை ஒட்டிய மேசையில் அவர் வினிகர் விட்ட பருப்புச் சாறு குடிப்பார். இறைச்சி, பால், முட்டை எதுவும் தொடமாட்டார். நான் கறி தொடுவதில்லை என்று தெரிந்ததும் எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. நோன்பு முடிந்த பிறகும் வந்துகொண்டிருந்தது.

பெரியவர் மூட்டுவலியால் இரண்டு வாரம் வரவில்லை. பொடி அதேதான், விறகும் அதேதான், அடுப்பருகே முதலாளியின் மகன் நின்றான். நூறு பவுண்டுக்கு அறுபது என்பது ஐம்பத்து மூன்றாக இறங்கியது. பழைய வாடிக்கையாளர் இருவர் பாதித் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்கள். பொடியின் அளவைப் பூட்டிவைத்த குடும்பம், கதவில் கைவைத்துப் பார்க்கும் வித்தையை எங்கும் எழுதிவைத்திருக்கவில்லை. அவர் திரும்பி வந்த மாதம் முதலாளி அவருடைய சம்பளத்தை உயர்த்தினார்; என்னிடம் காரணம் எதுவும் சொல்லவில்லை. நான் பேரேட்டில் எடைக்குறைவுக்கென ஒரு தனிப் பத்தி போட்டு, தலைப்பில் தமிழில் ‘புகை’ என்று எழுதினேன். என்ன மொழி, என்ன பொருள் என்று கேட்டறிந்த முதலாளி, அதை அடிக்காமல் பக்கத்திலேயே கிரேக்கத்தில் ஒரு சொல் எழுதிவிட்டுப் போனார்.