மும்பையின் முழங்கால்கள்

மும்பையில் வாடகைக்கு அறை தேடுகிறவர்கள் டெபாசிட் எவ்வளவு, தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்பார்கள். நான் மேலே ஏறப் படியா, ஏணியா என்று கேட்டேன். தரகர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சயான் கோலிவாடாவில் இப்போது இருக்கும் அறைக்குப் படிதான். ஒவ்வொரு படியும் ஏழரை அங்குல உயரம். டேப் வைத்தே அளந்துவிட்டேன். பிசியோதெரபியில் முனைவர் பட்டத்துக்குப் படிக்க வந்தால் இந்தப் புத்தி தானாக வந்துவிடும்போல.

எனக்குக் கோவில்பட்டிப் பக்கம். பிசியோதெரபியில் முதுநிலைப் படிப்பான எம்.பி.டி. படித்தது சென்னையில். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பம்பாய் என்றாலே தாராவிதான். தெருவுக்கு ஒரு வீட்டுக்காரராவது அங்கே இருப்பார், கோயில் கொடைக்கு வந்து போவார். அதனால் நான் கிளம்பியபோது யாரும் கலங்கவில்லை. பெரியம்மாவுக்கு மட்டும் ஒரு குறை. "படிக்கப் போறதுதான் போற, அமெரிக்காவுக்குப் போலாம்லா?"

அந்தக் கேள்வி இங்கேயும் என்னை விடவில்லை. என்னோடு அறையில் இருக்கும் ஹைதராபாத் பெண் இரவெல்லாம் அமெரிக்கா போகத்தான் படிக்கிறாள். அமெரிக்காவில் டி.பி.டி. என்பது பட்டப்படிப்பு முடித்தவர்கள் மூன்று வருடம் படிக்கும் தொழில்முறை முனைவர் பட்டம். 2016-க்குப் பிறகு அங்கேயே படித்துப் புதிதாக இத்தொழிலுக்குள் வர அந்தப் பட்டம்தான் வழி. இங்கே படித்துவிட்டுப் போகிறவர்கள் தங்கள் படிப்பை அவர்களுடையதோடு ஒப்பிட்டு மதிப்பிடக் கொடுக்க வேண்டும், என்.பி.டி.இ. என்ற தேர்வை எழுத வேண்டும், வேலை பார்க்கும் மாநிலத்தில் உரிமம் வாங்க வேண்டும். டி.பி.டி. நோயாளியைப் பார்ப்பதற்கான பட்டம். நான் படிக்கும் பிஎச்.டி. ஆராய்ச்சிக்கான பட்டம். யு.ஜி.சி.யின் 2022 விதிகளின்படி குறைந்தது மூன்று வருடம், அதிகம் ஆறு வருடம். இரண்டுக்கும் பெயரில் முனைவர் இருப்பதால் வீட்டில் விளக்கி மாளாது. அவள் டாலரில் கணக்குப் போடுகிறாள், நான் மாலையில் வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுத்து வாடகை கட்டுகிறேன்.

லோக்கல் ரயிலைப் பற்றி எல்லாரும் எழுதியாயிற்று. எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். மூன்று பேர் உட்காரும் இருக்கையில் நான்காவதாக ஒருத்தி ஒட்டிக்கொள்வது இங்கே எழுதாத உரிமை. பாதி இடுப்பு பலகையில், மீதி வெளியே, எடை முழுக்க ஒரே காலில். கல்யாணிலிருந்து இப்படியே வருகிறவர்கள் இருக்கிறார்கள். இடுப்பு வலி என்று யாராவது வந்தால், நாலாவது சீட்டா, எந்தப் பக்கம் என்று கேட்கப் பழகிவிட்டேன்.

ஆய்வுக்கு வருகிறேன். முட்டுத் தேய்மானம் உள்ள பெண்களுக்குத் தரையில் உட்கார்ந்து எழும்பப் படிப்படியாகப் பழக்கினால், வழக்கமான பயிற்சியைவிடப் பலன் கிடைக்கிறதா என்பது என் கேள்வி. களம் தாராவி. நோயாளிகளில் பெரும்பாலோர் நெல்லை, தூத்துக்குடியிலிருந்து பல வருடங்களுக்கு முன் வந்த குடும்பத்துப் பெண்கள். அப்பளம் உருட்டியவர்கள், இட்லி சுட்டு விற்றவர்கள், தோல் பைக்கு நூல் வெட்டியவர்கள். வேலையெல்லாம் தரையில்.

இந்த நோய்க்கு உலகமெங்கும் பயன்படும் வினாத்தாள்களில் ஒன்று வோமாக். 1980-களில் கனடாவில் உருவானது. மொத்தம் 24 கேள்விகள்: வலிக்கு 5, விறைப்புக்கு 2, அன்றாட வேலைகளுக்கு 17. அந்தப் பதினேழில் காரில் ஏறி இறங்குவது உண்டு. காலுறை மாட்டுவது ஒன்று, கழற்றுவது இன்னொன்று. குளியல் தொட்டியில் இறங்கி ஏறுவதும் உண்டு. சம்மணம் போட்டு உட்காருவது கிடையாது, குந்துவது கிடையாது. ஒரு ஆச்சியிடம் காரைப் பற்றிக் கேட்டேன். "காரா? எங்க வீட்டுக்காரரு ஆம்புலன்சுல போனப்ப கூட ஏறுனதுதான் பிள்ள. அதையா கேக்க?" இதற்குப் பூஜ்யம் முதல் நான்கு வரை எந்த மதிப்பெண் போடுவது?

கோணக் கணக்கைப் பார்த்தால் சங்கதி இன்னும் தெளிவாகும். சமதரையில் நடக்க முழங்கால் சுமார் 60 பாகை மடங்கினால் போதும். நாற்காலியிலிருந்து எழ 90, 100. முழுக்கக் குந்த 130-க்கு மேல் வேண்டும். ஆக, நாற்காலியும் கமோடும் உள்ள வீட்டுக்குப் போதுமான முழங்கால், தாராவியின் பொதுக் கழிப்பறையில் பாதி வழியில் நின்றுபோகும். குந்தாதீர்கள், தரையில் உட்காராதீர்கள் என்று அச்சடித்த தாளைக் கொடுத்து அனுப்புவதுதான் நாம் காலங்காலமாகச் செய்துவருவது. வேறு கழிப்பறை இல்லாதவளுக்கு அந்த அறிவுரையால் என்ன பிரயோஜனம்? கோபம் வராமல் இதை எழுத முடியவில்லை.

ஏணி அடுத்தது. தாராவியில் ஒற்றை அறை வீடுகள்தான் அதிகம். குடும்பம் பெருகினால் மேலே ஒரு தட்டுப் போட்டு, சந்தில் இரும்பு ஏணியைச் சாத்திவிடுவார்கள். கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக நிற்கும், பாதத்தின் முன்பாதிதான் கம்பியில் பதியும். செயற்கை மூட்டுக்குள் கருவி பொருத்தி அளந்தவர்கள், சமதரையில் நடக்கும்போது முழங்காலில் விழும் சுமை உடல் எடையைப் போல சுமார் இரண்டரை மடங்கு, படி இறங்கும்போது ஏறத்தாழ மூன்றரை மடங்கு என்கிறார்கள். அது கைப்பிடியும் அகலமும் உள்ள ஒழுங்கான படிக்கட்டில் எடுத்த அளவு. இங்கே பெண்கள் ஏணியைப் பார்த்தபடி பின்புறமாக இறங்குகிறார்கள், பாரத்தில் ஒரு பங்கைக் கைகள் வாங்கிக்கொள்கின்றன. அதனால் காலோடு கைப்பிடி பலத்தையும் அளக்கிறேன். மேல்தட்டில் படுப்பவர்கள் ராத்திரி இறங்க வேண்டாம் என்று அந்தியோடு தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். முழங்காலைப் பற்றிக் கேட்கப் போனால் சிறுநீர்க் கடுப்பு வரை பேச்சு போகிறது.

எனக்கு எதிரே நிற்கும் பெரிய போட்டியாளர் மின்சிகிச்சை மிஷின். "கரண்டு வைக்க மாட்டியா?" என்பதுதான் முதல் கேள்வி. முட்டுத் தேய்மானத்துக்கான வழிகாட்டு நெறிகள் எல்லாம் உடற்பயிற்சியையும் எடைக் குறைப்பையும்தான் முன்னால் வைக்கின்றன. ஆனால் வெறுங்கையோடு போய், துண்டைச் சுருட்டி முட்டுக்கடியில் வைத்து அமுக்கச் சொல்கிறவளை யார் நம்புவார்கள்? கோனியாமீட்டரை எடுத்து மூட்டில் வைத்துக் கோணம் சொன்ன பிறகுதான் கொஞ்சம் மரியாதை.

சம்மதப் படிவத்தில் வந்தது வேறு விதமான சிக்கல். தமிழ், இந்தி, மராத்தி மூன்றிலும் அடித்து, நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்கி, முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே ஆய்வை சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிய வேண்டும். 2018 ஏப்ரலிலிருந்து மருத்துவச் சோதனைகளுக்கு அது கட்டாயம். இதெல்லாம் காகித வேலை, முடிந்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கும்போது, ஆய்வோடு தொடர்பில்லாத, படித்த ஒரு சாட்சி உடனிருக்க வேண்டும் என்பது விதி. அந்தச் சந்தில் படித்தவர்கள் எல்லாம் அந்த ஆச்சிக்கு மருமகன், பேரன், கொழுந்தியா மகள்! கடைசியில் மூலையில் பைக்கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி கிடைத்தார். வரி வரியாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார், நான் அவசரப்படுத்தினால் முறைப்பார்.

அண்ணாச்சிக்குச் சின்ன வயதில் போலியோ. இடது காலில் காலிப்பர் என்ற தாங்குசட்டம். முதல் காலிப்பர் ஹாஜி அலியில் கொடுத்தது என்பார். 1955-ல் தொடங்கிய மத்திய அரசின் மறுவாழ்வு நிறுவனம் அது. அதற்குச் சற்று முன், 1953-ல், உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு பரேல் கே.இ.எம். மருத்துவமனையில் பிசியோதெரபிப் பள்ளி தொடங்கியது. இந்தியாவில் இத்தொழிலுக்கான படிப்பு அங்கிருந்துதான் கிளைத்தது. அன்றைக்கு வார்டுகளை நிரப்பியவர்கள் போலியோ குழந்தைகள். 2011 ஜனவரிக்குப் பிறகு நாட்டில் இயற்கையாகப் பரவும் காட்டு வைரஸால் ஒரு போலியோ நோயாளிகூட இல்லை. என் வகுப்பில் யாரும் புதிய போலியோ நோயாளியைப் பார்த்ததில்லை. பாடத்தில் படித்ததை நான் அண்ணாச்சியின் நடையில்தான் பார்த்தேன். அவரோ தன் காலைப் பற்றிப் பேசவே மாட்டார், வியாபாரம்தான் பேசுவார்.

பயிற்சிக் குழுக்களை நபர்வாரியாகக் குலுக்கல் போட்டுப் பிரிக்கலாம் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். என் வழிகாட்டி மராத்திக்காரர், களம் தெரிந்தவர். "அந்தச் சந்தில் கறிவேப்பிலை கை மாறுகிறது, குழந்தை கை மாறுகிறது, உன் பயிற்சி மட்டும் மாறாதா?" என்று கேட்டார். அதனால் சந்துவாரியாகக் குலுக்கல். ஒரு சந்து முழுக்க ஒரே பயிற்சி. ஆட்கள் அதிகம் தேவைப்படுகிறார்கள், புள்ளியியலும் கடினமாகிறது, ஆனால் அக்கம்பக்கத்தார் பேசிக்கொள்வதால் கெடுதல் இல்லை.

மாலையில் நான் போகும் மாட்டுங்கா வேறு தமிழ்நாடு. லிப்ட், கமோடு, கைப்பிடி எல்லாம் உள்ள வீட்டில், இரண்டு முழங்காலும் மாற்றிய மாமி கேட்பது ஒன்றே ஒன்று: "நவராத்திரிக்குக் கீழே உக்காந்துக்கலாமோ?" காலையில் ஒருத்திக்கு வேறு வழியில்லாமல் தரை, மாலையில் ஒருத்திக்கு ஆசைப்பட்டுத் தரை. நடுவில் அரை மணி நேரப் பேருந்துப் பயணம்தான், ஆனால் மாமி தாராவிக்குள் கால் வைத்ததே இல்லை. "அங்கேயெல்லாம் நீ தனியாவா போறே?" என்பார். பூக்கடைக்காரரிலிருந்து வெள்ளரிக்காய் விற்பவர் வரை தமிழ் பேசும் இந்த ஊரில், ஒரு தமிழர் இன்னொரு தமிழரைப் பார்த்துக் கேட்கும் அந்தக் கேள்வி எனக்குப் பழகவே இல்லை. இந்திகூடப் பழகிவிட்டது.

2025 செப்டம்பரில், பிசியோதெரபிஸ்டுகள் பெயருக்கு முன் டாக்டர் என்று போடக் கூடாது என்று மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்ககத்திலிருந்து கடிதம் போனது. மறுநாளே அதைத் திரும்பப் பெற்றார்கள். வாட்ஸாப் குழுக்கள் கொதித்த கொதிப்பில் எனக்கு இரண்டு நாள் வேலை ஓடவில்லை. தாராவியில் ஒருவருக்கும் அது தெரியாது. அங்கே நான் "முட்டுப் பிள்ள".

இந்த அரையாண்டுக்கான ஆலோசனைக் குழுக் கூட்டத்தில் ஏணியை அளவைகளில் ஒன்றாகச் சேர்க்க ஒத்துக்கொண்டார்கள்: ஏறி இறங்க ஆகும் நேரம், நடுவில் நிற்கும் தடவைகள். பாதுகாப்புக்குக் கீழே ஒருவர் நின்றாக வேண்டும் என்பது நிபந்தனை. அண்ணாச்சி தன் கடைப் பையனை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார், பையனுக்குச் சம்பளம் நான்தான் கொடுக்க வேண்டுமாம். மீதிச் சந்துகளை மார்கழிக்குள் முடித்தாக வேண்டும். பொங்கல் நெருங்கிவிட்டால் பாதிப் பேர் நாகர்கோவில் எக்ஸ்பிரஸைப் பிடித்துவிடுவார்கள்.