விழித்திரையில் அமிலம் அழிக்கப்படும் இடம்

கோழியின் விழித்திரையில் ஒரு சின்ன வட்டம் இருக்கிறது. அதில் மங்கிய ஒளியில் வேலை செய்யும் குச்சிச் செல்கள் ஒன்றுகூடக் கிடையாது. கூம்புச் செல்கள் மட்டும் நெருக்கமாக நிற்கும், அவற்றுக்கு மேலே நரம்புச் செல்களும் அடர்ந்திருக்கும். கூர்ந்து பார்ப்பதற்கான பகுதி இதுதான். நம் கண்ணின் மஞ்சள் புள்ளிக்கு ஒப்பானது. கருவில் இந்த இடத்தைக் குறித்துக் கொடுப்பது எது? ஒரு வேதிப்பொருள் அங்கே சேர்வது என்று நினைக்கத் தோன்றும். நடப்பது நேர்மாறு: அங்கே ஒரு வேதிப்பொருள் அழிக்கப்படுகிறது.

அந்தப் பொருள் ரெட்டினோயிக் அமிலம். வைட்டமின் ஏ-யிலிருந்து வருவது. கருவின் விழித்திரையில் இதைத் தயாரிக்கும் நொதிகள் இரண்டு ஓரங்களில் இருக்கின்றன: மேல்பக்கம் ரால்டு1, கீழ்ப்பக்கம் ரால்டு3. இரண்டுக்கும் நடுவே கிடைமட்டமாக ஒரு பட்டை. அதில் சிப்26 குடும்பத்து நொதிகள் அமிலத்தைச் சிதைத்துக்கொண்டே இருக்கும். மேலும் கீழும் ஊற்று, நடுவில் வடிகால் என்று வைத்துக்கொள்ளலாம்.

2017-இல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் சுசானா ட சில்வாவும் கான்ஸ்டன்ஸ் செப்கோவும் கோழிக் கருவில் காட்டியது இதன் அடுத்த கட்டம். அந்த வட்டம் உருவாகப்போகும் இடத்தில், சுமார் 6-ஆம் நாளில், எஃப்ஜிஎஃப்8 என்ற சமிக்ஞைப் புரதம் தோன்றுகிறது. அது அங்கே தோன்றுவதற்கு, அமிலத்தைச் சிதைக்கும் சிப்26 நொதிகள் தேவை. வெளியிலிருந்து அமிலத்தைக் கொடுத்தால் வட்டம் கலைந்து, குச்சிச் செல்கள் உள்ளே வந்துவிடுகின்றன. சிப்26 குடும்பத்தைச் சேர்ந்த சிப்26ஏ1 மனிதக் கருவின் விழித்திரையிலும் இதேபோல் ஓரிடத்தில் குவிந்திருப்பதை அதே ஆய்வு காட்டியது.

இங்கே ஒரு பழைய பிழையைத் திருத்தியாக வேண்டும். மேல், கீழ் என்ற அடையாளத்தையே இந்த அமிலம்தான் தருகிறது என்று பல பாடக்குறிப்புகளில் இன்னும் இருக்கிறது. 2006-இல் வெளியான எலி ஆய்வு அதை மறுத்தது. விழித்திரையில் அமிலம் தயாரிக்கும் நொதிகளை நீக்கிய பிறகும் மேலே டிபிஎக்ஸ்5, கீழே வாக்ஸ்2 என்று மரபணுக்கள் அவற்றின் இடத்திலேயே இருந்தன. கெட்டது கண்ணின் வடிவம். விழித்திரையில் உண்டாகும் அமிலம் கண்ணைச் சுற்றியுள்ள திசுவுக்குப் போய் அங்கே வேலை செய்கிறது என்பதே காரணம். மேல்பக்க அடையாளத்தைக் கொடுப்பது பெரும்பாலும் பிஎம்பி4 என்ற சமிக்ஞைப் புரதம்.

இதைக் கோழிக் கருவில் நீங்களே சோதித்துப் பார்ப்பது எப்படி? இனி முட்டைக்கு வருவோம். கருவுற்ற முட்டையை 38 டிகிரி செல்சியஸில், படுக்க வைத்து அடைகாக்க வேண்டும். கருவை எட்டுவதற்கு ஓட்டில் ஜன்னல் வெட்டும் வேலையை 3-ஆம் நாளே முடித்துவிடுங்கள். மொட்டையான முனையில் துளையிட்டு, ஊசியால் 2 முதல் 3 மி.லி. வெள்ளைக்கருவை எடுத்தால் கரு ஓட்டிலிருந்து சற்றே கீழிறங்கும். பிறகு மேல் ஓட்டை வெட்டி, டேப் ஒட்டி மூடலாம். 5-ஆம் நாள் தாண்டினால் இரத்தக் குழாய்கள் நிறைந்த சவ்வு ஓட்டின் உள்தோலோடு ஒட்டத் தொடங்கிவிடும். அப்போது வெட்டினால் இரத்தம் கசிந்து கரு போய்விடும்.

கோழிக் கரு இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்திருக்கும், அதனால் மேலே தெரிவது வலது கண். மருந்தில் ஊறி அதை மெல்லக் கசியவிடும் நுண்ணிய மணியை வைப்பதும் மருந்து செலுத்துவதும் அதில்தான். புரதம் என்றால் ஹெப்பாரின் பூசிய மணி, அமிலம் என்றால் அயனிப் பரிமாற்ற மணி. அமிலத்தை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து, மணியை இருட்டில் ஊற வையுங்கள்; மங்கிய மஞ்சள் விளக்கு போதும். ட்யூப்லைட் வெளிச்சத்தில் விட்டால் மூலக்கூறின் வடிவமே மாறி, வீரியம் குறைந்துவிடும். ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்ற புலம்பல் வரும் இடங்களில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

இடது கண்ணை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளும் வழக்கம் புரத மணிக்குப் பொருந்தும், அமிலத்துக்குப் பொருந்தாது. அது சிறிய, கொழுப்பில் கரையும் மூலக்கூறு; இரத்தத்தோடு மறுபக்கமும் போய்ச் சேரும். டிஎம்எஸ்ஓ-வில் மட்டும் ஊறிய மணியை வைத்த வேறொரு கருதான் சரியான ஒப்பீடு.

அளவில் இன்னொரு சிக்கல். ரெட்டினோயிக் அமிலம் பல திசுக்களில் சிப்26ஏ1-ஐத் தானே தூண்டிவிடும், அதாவது தன்னை அழிக்கும் நொதியைத் தானே கூட்டிக்கொள்ளும். குறைந்த அளவு கொடுத்தால் அது செரித்துப்போய் விளைவே தெரியாது. கூட்டினால் தலையும் முகமும் கோணி, விழித்திரையில் கண்டது எதனால் என்றே சொல்ல முடியாமல் போகும். ஒரே அளவை நம்பாமல், பத்து மடங்கு இடைவெளியில் குறைந்தது மூன்று செறிவுகளைச் சோதிப்பது அவசியம்.

குச்சிச் செல்களை எண்ண அவசரப்படாதீர்கள். அவற்றின் ரோடாப்சின் நிறமி தெளிவாகச் சாயமேற 3-ஆம் வாரம் ஆகிவிடும். கண்ணைத் தோண்டி எடுத்ததும் எது மேல், எது கீழ் என்பது ஒரு நொடியில் மறந்துபோகும். ஆகவே கண் தலையில் இருக்கும்போதே மேல்விளிம்பில் ஒரு சிறு வெட்டு. விழித்திரையைப் பூவிதழ் போல நான்காகக் கீறி விரித்த பிறகும் அந்த வெட்டு தெரியும். அது அழிந்துவிட்டால், கருநிற விசிறிபோல் நிற்கும் பெக்டனைத் தேடுங்கள். அது இருப்பது எப்போதும் கீழ்ப்பக்கம்.