மெட்டியை முதலில் கழற்றுங்கள்

சென்ற ஜனவரியில் ஒரு விடியற்காலை, கோத்தகிரியில் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறப் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்த நேரத்தில், விறகை அணைத்துக்கொண்டு படியேறிய நான் வலது காலின் இரண்டாம் விரலைக் கருங்கல் படியில் நேராக இடித்துக்கொண்டேன். குளிரில் கால் மரத்திருந்ததால் வலி உடனே உறைக்கவில்லை; அடுப்படியில் உட்கார்ந்த பிறகுதான் விண்விண்ணென்று தெறிக்கத் தொடங்கியது.

பக்கத்து வீட்டு அக்கா நீலகிரித் தைலத்தோடு ஓடி வந்தார். "நல்லா நீவி, ஒரு இழு இழுத்துவிட்டா சரியாயிடும் கண்ணு" என்றார். அன்பினால் சொன்னார் என்றாலும் நான் காலைக் கொடுக்கவில்லை. விரல் நுனியில் படும் அடி எலும்பின் நீளவாக்கில் சென்று மூட்டில் இறங்குவதால், மூட்டைப் பிடித்திருக்கும் நார்கள் இழுபட்டோ கிழிந்தோ போகின்றன. அந்த நிலையில் சொடுக்கி இழுத்தால் கிழிசல் பெரிதாகும். எலும்பு முறிந்திருந்தால் விலகவும் கூடும். தேய்ப்பதும் வெந்நீர் ஒத்தடமும் முதல் இரண்டு நாள் வீக்கத்தைக் கூட்டவே செய்யும்.

நான் தவறவிட்டது மெட்டியை. சுமங்கலி அதைக் கழற்றலாமா என்ற தயக்கத்தில் அரை மணி நேரம் போய்விட்டது. அதற்குள் விரல் புடைத்து, வெள்ளி வளையம் தோலுக்குள் பதிந்து, அதற்கு மேலே விரல் கருஞ்சிவப்பாகிவிட்டது. காலைத் தலையணைமேல் உயர்த்திச் சிறிது நேரம் வைத்திருந்து, சோப்பு நுரை தடவி, இழுக்காமல் மெல்லத் திருகித் திருகித்தான் கழற்ற முடிந்தது. கைவிரலில் அடிபட்டாலும் மோதிரத்தை வீங்குவதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும். வராமல் போய் விரல் நீலம் பாரித்தால் மருத்துவமனையில் மோதிரத்தை வெட்டி எடுத்துவிடுவார்கள். அதற்குத் தயங்கக் கூடாது.

பிறகு ஐஸைத் துணியில் சுற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து எடுத்து, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அப்படியே செய்தேன். மலைக்குளிரில் ஏற்கெனவே மரத்த தோலில் ஐஸை நேரடியாக வைத்தால் தோல் புண்ணாகிவிடும் என்பதால், முதலில் காலைத் துடைத்து உணர்வு திரும்பும் வரை காத்திருந்தேன். அடிபட்ட விரலுக்கும் மூன்றாம் விரலுக்கும் நடுவே பஞ்சு வைத்து, இரண்டையும் சேர்த்துப் பிளாஸ்திரி ஒட்டினேன். நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு நொடியில் சிவக்க வேண்டும். சிவக்காவிட்டால் கட்டு இறுக்கம் என்று பொருள்.

விரல் கோணியிருந்தாலோ, உணர்ச்சியற்றுப் போனாலோ, காலை ஊன்றவே முடியாவிட்டாலோ அன்றே எக்ஸ்ரே எடுத்துவிட வேண்டும். கைவிரலில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: பந்து பட்டு நுனிக்கணு தொங்கிப்போய்த் தானாக நிமிராவிட்டால், நிமிர்த்தும் நாண் அறுந்திருக்கக்கூடும். அதற்கு ஆறு முதல் எட்டு வாரம் ஒருமுறைகூட மடங்காதபடி பட்டை கட்டி வைப்பார்கள். சாதாரணச் சுளுக்குதானே என்று விட்டுவிட்டால் நுனி அப்படியே வளைந்து நின்றுவிடும்.

நான் மூன்றாம் நாளிலிருந்து, வலி பொறுக்கும் அளவுக்கு விரலை மெதுவாக மடக்கி நீட்டினேன். இரண்டு வாரத்தில் வலி அடங்கியது. மெட்டி மறுபடி விரலில் ஏற ஆறு வாரம் ஆனது. கணு இன்னும் சற்றுத் தடித்தே இருக்கிறது.